ஆண்டு என்னும் பொருத்தம்

தலைவன் தலைவியர்க்கு வேண்டிய பத்துப் பொருத்தங்களுள் ஆண்டையும் ஒன்றாக எண்ணுகிறது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். அந்நூற்பாவை நடத்தும்போதெல்லாம், வயது ஒவ்வாத இடத்தில் அன்பு நிலைக்குமா என்று மாணாக்கர் கேட்பர். விடை தேடி நாம் மதுரையை விட்டுப் போக வேண்டியதில்லை. மீனாட்சியம்மன் கோயிலுக்கு அருகே, அனுமந்தராயன் கோயில் தெருவில், முகப்பில் வீணை பொறித்த வீடொன்று உண்டு. வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகள் எம்.எஸ். சுப்புலட்சுமி வளர்ந்த வீடு அது.

1936இல், தாயின் ஏற்பாடுகளுக்கு உடன்படாமல் சென்னை சென்ற அவர், டி. சதாசிவத்திடம் அடைக்கலம் புகுந்தார். சதாசிவம் 14 ஆண்டு மூத்தவர். மனைவியும் மகளும் உடையவர். முதல் மனைவி மறைந்த பின், 1940இல் திருநீர்மலையில் திருமணம் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த முதல் மனைவியின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதையும் எண்ணாதிருக்க நம்மால் இயலவில்லை.

1938இல் வெளிவந்த எம்.எஸ்.ஸின் முதற்படம் 'சேவாசதனம்'. பிரேம்சந்த் நாவலைத் தழுவிக் கே. சுப்பிரமணியம் இயக்கியது. அதில் முதியவர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு அல்லலுறும் இளம்பெண்ணாக அவர் நடித்தார். கணவர் வேடம் எஃப்.ஜி. நடேசய்யருக்கு. வரலாற்றுக்கும் குறும்பு உண்டு போலும்!

ஆயினும் அப்படத்தின் அளவுகோலை இங்கே வைக்கத் தயங்குகிறோம். பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் வந்தது. தேவதாசி மரபில் பிறந்த பெண்ணுக்கு அந்நாளில் புரவலர் கிடைப்பார். கணவர் கிடைப்பது அரிது. மனைவி என்னும் நிலையையே அவர் நாடினார் என்பது நம் கருத்து.

அதற்கு அவர் ஈந்ததும் சிறிதன்று. 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்து ஈட்டிய பணம், 1941இல் சதாசிவமும் கல்கியும் தொடங்கிய 'கல்கி' இதழுக்கு முதலாயிற்று. கச்சேரியில் எதைப் பாடுவது என்பதையும் சதாசிவமே வகுத்தார். இதை அக்கறை என்பாரும் உளர்; ஆதிக்கம் என்பாரும் உளர். இரண்டும் ஒருவரிடமே இருந்திருக்கலாம். வயது மூப்பு அவ்வதிகாரத்தை இயல்பானதாகத் தோன்றச் செய்துவிடுகிறது என்பதே நம்மை உறுத்துவது. இளையவளின் உறுதியைப் போற்றும் நாம், அவள் மறுத்துப் பேச இடமிருந்ததா என்று கேட்பதில்லை.

1997 நவம்பரில் சதாசிவம் மறைந்தபோது அவருக்கு வயது 95, எம்.எஸ்.ஸுக்கு 81. அதன்பின், 2004 டிசம்பரில் இறக்கும்வரை, அவர் கச்சேரி மேடை ஏறவில்லை. அதைப் பதிபக்தி என்பர். முதுமையின் களைப்பும், எல்லாவற்றையும் வகுத்துத் தர ஆளில்லாத திகைப்பும் அதில் கலந்திருக்கலாம். மாணாக்கரின் கேள்விக்கு, 57 ஆண்டு நிலைத்தது என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போக நமக்கு மனம் வருவதில்லை.