மாற்று வீரர் சேர்ப்பு (ஐ.பி.எல்.)

இந்தியன் பிரீமியர் லீக் கிரிக்கெட் தொடரில், காயத்தாலோ நோயாலோ விலகும் வீரரின் இடத்தைப் பருவத்தின் நடுவே வேறொருவரைக் கொண்டு நிரப்பும் நடைமுறை மாற்று வீரர் சேர்ப்பு எனப்படும். ஏலத்தில் விலைபோகாதோர் உள்ளிட்ட பதிவுப் பட்டியலிலிருந்தே புதியவரைத் தெரிவுசெய்ய வேண்டும் என்பதும், அவரது ஊதியம் விலகியவரின் ஊதியத்தை மிஞ்சலாகாது என்பதும், அணியில் 25 பேருக்கும் அவர்களுள் அயல்நாட்டவர் எண்மருக்கும் மேற்படலாகாது என்பதும் இதன் விதிகள். வீரரைக் கோருவதில் அணிகளுக்கிடையே முன்னுரிமை வரிசை இல்லாமையால், விரைந்து முடிவெடுக்கும் நிர்வாகமே பயனடைகிறது.

2025இல் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி, முழங்கைக் காயத்தால் விலகிய தலைவர் ருதுராஜ் கெய்க்வாட்டுக்குப் பதிலாக 17 வயது ஆயுஷ் மாத்ரேயை 30 லட்சம் ரூபாய்க்கும், தமிழக வேகப்பந்து வீச்சாளர் குர்ஜப்னீத் சிங்குக்குப் பதிலாகத் தென்னாப்பிரிக்க மட்டையாளர் டெவால்ட் பிரெவிஸை 2.2 கோடி ரூபாய்க்கும் சேர்த்தது. பந்துவீச்சாளரின் இடத்தில் மட்டையாளரைக் கொணர்ந்த இரண்டாவது தெரிவு, தடுமாறிய நடுவரிசையைச் சரியாகக் கணித்த துணிவான முடிவாகும். பெங்களூருவில் மாத்ரே 48 பந்துகளில் 94 ஓட்டங்கள் குவித்தும், சென்னை அப்பருவத்தில் கடைசி இடத்தையே பெற்றது. எனினும் மாத்ரே, பிரெவிஸ் இருவரும் 2026 பருவத்துக்குத் தக்கவைக்கப்பட்டனர்.