கங்காணி சொன்ன செய்தி

வெளிநாட்டு வேலைக்குச் செல்ல விரும்பும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஐயா, யாரைப் பிடித்தால் காரியம் நடக்கும்?" என்பதே. இக்கேள்வி புதிதன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நம் சேரிகளில் கேட்கப்பட்டு வருவதுதான். என் பாட்டனாரின் தமையனார் ஒருவர் அவ்வாறு கேட்டுவிட்டு இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் சென்றார்; திரும்பவில்லை. அவருக்கும் எழுதத் தெரியாது, வீட்டில் இருந்தோருக்கும் படிக்கத் தெரியாது. ஆகவே ஒரு கடிதமும் வரவில்லை. அவரைப் போன்றோர் வரலாற்றை இம்மலரில் சிறிது கூற விரும்புகிறேன்.

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை 1834-இல் ஒழிக்கப்பட்டதும், கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. மொரீசியசுக்கும், பின்னர் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கூலியாட்கள் அனுப்பப்பட்டனர். சென்னையிலிருந்து புறப்பட்ட 'டுரூரோ' என்னும் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறையை அடைந்தது. அவ்வாறு சென்றோரின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் யாவும் பதிவேட்டில் எழுதப்பட்டன. ஆனால் தாம் கைந்நாட்டு வைத்த தாளில் என்ன எழுதியிருந்தது என்பதை அவர்களுள் பெரும்பாலோர் பிறர் வாயால் கேட்டே அறிந்தனர்.

நேட்டாலில் கூலி முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங். பின்னர் ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. 1895-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அதன்பின் வருவோர், ஒப்பந்தம் முடிந்து தாயகம் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் செய்யாமலும் தங்கினால் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி செலுத்த வேண்டும். 3 பவுண்டு என்பது 60 ஷில்லிங். ஐந்தாம் ஆண்டுக் கூலியாகிய 14 ஷில்லிங்கை வைத்துக் கணக்கிட்டால், நான்கு மாத ஊதியத்திற்கும் மேற்பட்ட தொகை! இவ்வரி 1914-இல்தான் நீங்கிற்று.

இலங்கைக்குச் சென்றோர் கதை வேறு. அங்கே கங்காணி முறை நிலவியது. மலேயாவிலும் அது பரவியிருந்தது. தோட்டத்துக் கங்காணி ஊருக்கு வருவான், முன்பணம் கொடுப்பான், வழிச்செலவும் ஏற்பான். அத்தனையும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். தன் கூட்டத்தில் வேலைக்கு வரும் ஒவ்வொரு தலைக்கும் தோட்டத்தில் அவனுக்குக் காசு உண்டு. ஆதலின் அவன் சொன்ன செய்தியில் மழையும் அட்டையும் குளிரும் இடம்பெறாததில் வியப்பில்லை.

'துண்டு' என்று ஒரு சீட்டு அக்காலத் தோட்டங்களில் வழங்கியது. இன்ன கூட்டத்தின் கடன் இவ்வளவு. அதைத் தீர்த்தால் ஆட்களை விடுவிப்போம் என்று துரை எழுதித் தருவது. வேறொரு தோட்டத்துத் துரை அத்தொகையைக் கட்டி ஆட்களைப் பெற்றுக்கொள்வான். கடன் தீர்ந்துவிடவில்லை; புதுத் தோட்டத்துக் கணக்கில் மீண்டும் ஏறியது, அவ்வளவே. தம் விலை எழுதிய சீட்டைத் தாமே படிக்க இயலாதவராய் நம்மவர் மலைக்கு மலை நடந்தனர். 1921-இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

கங்காணியை நம்பிய முன்னோரை அறிவிலிகள் என்று சிலர் எளிதாகப் பேசுவர். நான் அதனை ஏற்பதில்லை. ஊரில் பண்ணையாளாகக் கட்டுண்டு கிடந்தவனுக்கு, 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சத்தையும் கண்டவனுக்கு, வேறொரு நாடு இருக்கிறது என்று சொல்லச் சேரிக்குள் வந்தவன் கங்காணி ஒருவனே. மிராசுதார் சொல்வாரா?

அதே காலத்தில் எழுத்தறிவோடு கடல் கடந்த ஒருவரையும் நம் இளைஞர் அறிதல் வேண்டும். நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றி, 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பின்னர் தென்னாப்பிரிக்கா சென்று மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். கரும்புத் தோட்டத்தில் நம்மவர் கைந்நாட்டு வைத்த அதே நாட்டில், ஆங்கிலமும் தமிழும் கற்ற நம்மவர் ஒருவர் எழுத்தால் ஊதியம் பெற்றார். 1930-இல் டாக்டர் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டிலும் அமர்ந்தார்.

1922-இல் குடியேற்றச் சட்டம் வந்தது. உடலுழைப்புத் தொழிலாளரை உதவியுடன் அனுப்புவது மலேயாவுக்கு 1938-இலும், இலங்கைக்கு 1939-இலும் தடை செய்யப்பட்டது. 1973-க்குப் பின் எண்ணெய் விலை உயர, வளைகுடா நாடுகள் ஆட்களை அழைத்தன. கங்காணியின் இடத்தில் ஏஜெண்டு வந்தார். தமிழக அரசு 1978-இல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைத் தொடங்கியது. 1983-ஆம் ஆண்டுச் சட்டம், ஆள் சேர்ப்போர் அரசிடம் பதிவு பெற வேண்டுமென விதித்தது. 2014-இல் வந்த 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பதிவு பெற்ற முகவர் யார் என எவரும் பார்க்கலாம். முகவர் பெறத்தக்க கட்டணம் வரி நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மேற்படலாகாது என்பது 2017-இல் வந்த விதி.

பத்தாம் வகுப்புத் தேறாதோர் வளைகுடா முதலிய சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும் என்றும், தேறியோருக்கு அது வேண்டியதில்லை என்றும் ஏற்பாடு உண்டு. இதனைச் சலுகை என மகிழ்வோர் பலர். ஆனால் தேறியவனுடைய ஒப்பந்தத்தை அவனுக்காக அதிகாரி எவரும் பார்ப்பதில்லை என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. படித்தவன் தானே படித்துக்கொள்வான் என்று அரசு கருதுகிறது போலும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன், மேல்நிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றவன், ஒரு தாளுடன் வீட்டிற்கு வந்தான். மறுநாள் மீதிப் பணம் கட்டவேண்டுமாம். இருவரும் அமர்ந்து வரி வரியாகப் படித்தோம். முகவரின் பதிவு எண் இல்லை; சம்பளம் எந்த நாட்டு நாணயத்தில் என்று இல்லை; விசாவோ சுற்றுலா விசா. இணையதளத்தில் தேடினோம், அந்தப் பெயரே இல்லை. "ஐயா, இதை நானே பார்த்திருக்கலாமே" என்றான். அவன் போகவில்லை. ஓராண்டு கழித்து, பதிவு பெற்ற முகவர் வழியாக வேறு வேலைக்குச் சென்று இன்றும் அங்கே இருக்கிறான். பெற்றோருக்குப் பணமும் வருகிறது. முன்பணமாகக் கொடுத்த இருபதாயிரம் மட்டும் இதுவரை திரும்பி வரவில்லை.