சோலிகர் காப்பி: தோட்டக் கூலியிலிருந்து வன உரிமை வரை

சத்தியமங்கலம் காடுகள் வடக்கே முடியும் இடத்தில் பிலிகிரி ரங்கன் மலை தொடங்குகிறது. இன்று அது கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டம். அம்மாவட்டத்தின் கொள்ளேகால் வட்டமோ 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2011 முதல் புலிகள் காப்பகமாக உள்ள இந்தக் காட்டுக்குள், ‘போடு’ எனப்படும் சிற்றூர்களில் சோலிகர் பழங்குடிக் குடும்பங்கள் பூச்சிமருந்தில்லாமல் காப்பி வளர்க்கின்றன. இந்த நிலைக்கு வர நூறாண்டுக்கு மேலாயிற்று.

காப்பியை இம்மலைக்குக் கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாரிஸ் குடும்பம் அட்டிகான், ஹொன்னமேட்டி பகுதிகளில் தோட்டம் போட்டது. அப்போது இலங்கையில் காப்பி அழிந்துகொண்டிருந்தது. 1869இல் அங்கே தலைகாட்டிய இலைத்துரு நோய், தமிழகத்திலிருந்து போன கூலிகளின் உழைப்பில் எழுந்த காப்பித் தோட்டங்களையெல்லாம் தேயிலைக்கு மாறவைத்தது. அதே துரு தென்னிந்தியாவையும் தாக்கியது. போர்டோ கலவை தெளிப்பதும், 1925இல் நிறுவப்பட்ட பாலெஹொன்னூர் ஆய்வு நிலையம் நோய் தாங்கும் ரகங்களைத் தேடியதும் அதற்குப் பிறகு வந்தவை. அந்த நிலையம் தந்த எஸ்.795 ரகம் இன்றும் அரபிக்கா தோட்டங்களில் பரவலாக நிற்கிறது.

இந்தக் காலம் முழுவதும் சோலிகருக்குக் காப்பி என்றால் பிறர் தோட்டத்துக் கூலி வேலைதான். அவர்களுடைய சொந்த வேளாண்மை காட்டைத் திருத்தி, எரித்து, ராகி விதைத்து, சில ஆண்டில் இடம் மாறுவது. 1974இல் இம்மலை வனவிலங்குச் சரணாலயமானதும் அந்த வழக்கத்துக்கு இடமில்லாமல் போயிற்று. குடும்பங்கள் ஓரிடத்தில் குடியமர்த்தப்பட்டன. தேன், நெல்லி, கல்பாசி சேகரிப்புதான் கைக்குப் பணம் தந்தது. 1990-களின் ஆய்வுகள் அவர்களது ரொக்க வருமானத்தில் ஏறத்தாழப் பாதி அதிலிருந்தே வந்ததாகக் காட்டின.

அதுவும் நிலைக்கவில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தைக் காட்டி, 2000-களின் நடுவில் விற்பனைக்கான சேகரிப்பு தடுக்கப்பட்டது. வீட்டருகே உள்ள துண்டு நிலத்துக் காப்பிச்செடி அதன்பின் குடும்பத்தைத் தாங்கும் பயிராயிற்று. ராகியையும் சோளத்தையும் யானையும் பன்றியும் விட்டுவைப்பதில்லை. காப்பியை அவ்வளவாகத் தொடுவதில்லை.

திருப்பம் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தால் வந்தது. 2011 அக்டோபர் 2 அன்று சோலிகரின் சமூக வன உரிமைகள் இங்கே அங்கீகரிக்கப்பட்டன. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் இத்தகைய அங்கீகாரம் கிடைத்தது நாட்டில் அதுவே முதல்முறை. காலடி மண்ணிலிருந்து எப்போது துரத்துவார்களோ என்ற பயம் உள்ளவரை பலன்தரச் சில ஆண்டுகள் பிடிக்கும் செடியை நட்டு வளர்க்க யாருக்கும் மனம் வராது. எனவே இந்தக் காப்பியின் வரலாற்றில் எந்த இயற்கை வேளாண்மைச் சான்றிதழையும்விட அந்த அங்கீகாரமே பெரிய நிகழ்வு.

மருந்தடிக்காமல் எப்படி முடிகிறது? நிழல்தான் காரணம். மற்ற மாவட்டங்களின் தோட்டங்களில் காட்டு மரங்களை வெட்டிவிட்டுச் சில்வர் ஓக் நட்டவர்கள் பலர். இங்கே காட்டு மரங்களே குடை பிடிக்கின்றன. உதிரும் இலையே உரம். தண்டுதுளைப்பான் பூச்சி வெயில் விழும் செடியைத்தான் அதிகம் நாடும் என்பதால் நிழல் பாதி மருந்து. மீதிக்குக் கண் வேண்டும்: துளை விழுந்த செடியைத் தேடிப் பிடுங்கி எரிக்க வேண்டும்.

விலைதான் நெடுநாள் சிக்கல். களத்தில் காயவைத்த காப்பிப் பழத்தை வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுப்பதே வழக்கம். பழுத்ததை மட்டும் பறித்து, தோல்நீக்கி, கழுவி, பார்ச்மென்டாக (உள்தோலோடு கூடிய கொட்டையாக) விற்றால் கூடுதலாகக் கிடைக்கும். பெங்களூரின் பிளாக் பாசா காஃபி நிறுவனம் இங்குள்ள சோலிகரிடம் வாங்குகிறது. நிழல் மரங்களைக் காப்பதை வணிகத்தின் பகுதியாகவே வைத்திருக்கிறது. அர்ஷியா போஸ் தொடங்கிய இந்நிறுவனத்தின் பெயர், கொண்டையுள்ள ஒரு சிறு பருந்தினத்தின் பெயர்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். காப்பி இந்த மண்ணுக்கு வெளியிலிருந்து வந்த செடி. வால்பாறைப் பகுதியில் அது தோட்டத்தை விட்டு மழைக்காட்டுக்குள் பரவியதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். பிலிகிரி ரங்கன் மலைக்காட்டை உண்ணிச்செடி ஏற்கெனவே நெருக்குகிறது. காட்டுத் தீமூட்டலைத் தடுத்ததே அது பெருகக் காரணம் என்று சோலிகர் சொல்கிறார்கள். ஆகவே காப்பி எந்த எல்லையில் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும்போது, உரிமை பெற்ற கிராமசபைகளை வனத்துறை கூட்டத்தில் உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.