வீதியைக் கிண்டி மீனைக் காத்த கதை

வீதி போட்ட செலவைப் பல கணக்கேடுகளில் பார்த்திருக்கிறேன். வீதியை அழிக்கவும் ஓர் அரசாங்கம் பணம் ஒதுக்கியதை இந்த நிகழ்ச்சிக்காகப் படித்தபோதுதான் அறிந்தேன்.

வட கலிபோர்னியாவில் றெட்வூட் தேசியப் பூங்கா 1968இல் அமைந்தது. ஆனால் றெட்வூட் கிறீக் ஓடையின் மேற்சரிவுகள் மரக் கம்பனிகளிடமே இருந்தன. மரம் இழுக்க வெட்டிய மண்பாதைகள் மழையில் கரைந்தன. பாதையின் கீழ் புதைத்த குழாயைக் கட்டையும் சருகும் அடைத்தால், வெள்ளம் பாதையையே அறுத்துக்கொண்டு போகும். அந்த வண்டல், சல்மன் மீன் முட்டையிடும் சரளைக்கற்களுக்கிடையே படிந்து முட்டைகளை மூச்சடைக்க வைத்தது.

பூங்காவை விரிக்கும் யோசனையை எதிர்த்து 1977இல் மரத் தொழிலாளர் லொறிகளில் வாஷிங்டனுக்குப் போனார்கள். ஜனாதிபதி கார்ட்டர் நிலக்கடலை விவசாயி அல்லவா? றெட்வூட் மரத்தில் பெரியதொரு நிலக்கடலை செதுக்கிக் கொண்டுபோனார்கள். வெள்ளை மாளிகை அதை ஏற்கவில்லை. தொழிலை விட்டுவிட்டு வந்த எங்களுக்கு அவர்களின் கோபம் விளங்காததல்ல.

1978 மார்ச்சில் சட்டம் வந்தது. 48,000 ஏக்கர் சேர்ந்தது, பெரும்பகுதி ஏற்கெனவே வெட்டிய காடு. வேலை இழந்தோருக்கு நட்டஈடு; நிலத்தைச் சீராக்க 33 மில்லியன் டொலர் அனுமதி. முதலில் கையால் சிறு தடுப்பணைகள் கட்டினார்கள். பிறகு புல்டோசரை இறக்கி, குழாய்களைப் பிடுங்கி, ஓடைக்குக் குறுக்கே கொட்டிய மண்ணை அள்ளினார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்தும் அங்கே பாதைகளைக் கிண்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.