ஆறு பேர், நான்கு மேசைகள்: மான்டி பைதான் குழுவினர்

மான்டி பைதான் என்று ஓர் ஆள் இருந்ததில்லை. கிரஹாம் சாப்மன், ஜான் கிளீஸ், டெரி கில்லியம், எரிக் ஐடில், டெரி ஜோன்ஸ், மைக்கேல் பேலின் என்ற ஆறு பேர் தங்கள் நகைச்சுவைக் குழுவுக்கு வைத்துக்கொண்ட கற்பனைப் பெயர் அது. 1969 அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை இரவில் ‘மான்டி பைதான்ஸ் ஃப்ளையிங் சர்க்கஸ்’ தொடரின் முதல் பகுதி பிபிசியில் ஒளிபரப்பானது. 1974 டிசம்பர் 5 அன்று கடைசிப் பகுதி வந்தது. நான்கு பருவங்களில் மொத்தம் 45 பகுதிகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம். சில நிமிடங்களில் முடிந்துவிடும் சிறு நகைச்சுவைக் காட்சிகளை ஆங்கிலேயர் ஸ்கெட்ச் என்பார்கள்; அவற்றைக் கோத்துக் கட்டியவையே இந்தப் பகுதிகள். மற்ற ஸ்கெட்ச் நிகழ்ச்சிகளில் ஒரு நட்சத்திரம் இருப்பார், அவருக்குப் பின்னால் எழுத்தாளர் கூட்டம் ஒன்று இருக்கும். இங்கே அப்படிப் பிரிவினை இல்லை. எழுதியவர்களே நடித்தார்கள். ஆகவே இவர்களைத் திரையில் பார்த்தால் மட்டும் போதாது. யார் யாரோடு உட்கார்ந்து எழுதினார் என்று தெரிந்தால்தான் இவர்களின் நடிப்பு பிடிபடும்.

ஆறு பேரும் 1939க்கும் 1943க்கும் இடையில், போர்க்காலத்தில் பிறந்தவர்கள். சாப்மனின் தந்தை போலீஸ்காரர். கிளீஸின் தந்தை காப்பீட்டு முகவர். ஜோன்ஸின் தந்தை வங்கி ஊழியர். ஐடிலின் தந்தை விமானப்படையில் இருந்தவர். போர் முடிந்து, 1945 டிசம்பரில் விடுப்பில் வீடு திரும்பும் வழியில் சாலை விபத்தில் இறந்துபோனார். வுல்வர்ஹாம்ப்டனில் தகப்பனற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் ஐடில் வளர்ந்தார். சாப்மன், கிளீஸ், ஐடில் மூவரும் கேம்பிரிட்ஜ்காரர்கள். முதலாமவர் மருத்துவமும் இரண்டாமவர் சட்டமும் மூன்றாமவர் ஆங்கில இலக்கியமும் படித்தார்கள். வேல்ஸில் பிறந்த ஜோன்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியமும், ஷெஃபீல்டில் பிறந்த பேலின் அதே ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறும் படித்தார்கள். கில்லியம் அமெரிக்காவின் மினியாபொலிஸில் பிறந்தவர். கார்ட்டூன் வரைந்து பிழைத்தவர்.

கேம்பிரிட்ஜில் 1883 முதல் ‘ஃபுட்லைட்ஸ்’ என்ற மாணவர் நாடக மன்றம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி போடுவது அதன் வழக்கம். கிளீஸும் சாப்மனும் நடித்த 1963ஆம் ஆண்டு நிகழ்ச்சி லண்டன் அரங்குக்குப் போய், மறு ஆண்டு நியூசிலாந்துக்கும் நியூயார்க்கின் பிராட்வேக்கும் பயணப்பட்டது. சாப்மன் மருத்துவப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு நியூசிலாந்துக்குப் புறப்பட்டார். பிறகு படிப்பை முடித்து மருத்துவராகப் பதிவும் பெற்றார், ஆனால் அதைத் தொழிலாகக் கொள்ளவில்லை. 1965இல் ஃபுட்லைட்ஸின் தலைவரான ஐடில், பெண்களை முழு உறுப்பினர்களாகச் சேர்க்க விதியை மாற்றினார். எண்பது ஆண்டு வழக்கத்தை ஒரு மாணவர் மாற்றியது சிறிய காரியமல்ல.

இவர்களுக்கு முன்னோடிகள் இருந்தார்கள். 1951 முதல் 1960 வரை பிபிசி வானொலியில் வந்த ‘தி கூன் ஷோ’வைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இது. அதை எழுதிய ஸ்பைக் மில்லிகன் 1918இல் இந்தியாவில், அகமத்நகரில் ஒரு படைவீரரின் மகனாகப் பிறந்தவர். 1960இல் எடின்பரோ விழாவில் மேடையேறிய ‘பியாண்ட் த ஃபிரின்ஜ்’ அடுத்த திருப்பம். பீட்டர் குக், டட்லி மூர், ஆலன் பென்னட், ஜானதன் மில்லர் என்ற நான்கு பட்டதாரிகள் அதில் பிரதமரையும் பாதிரியாரையும் மேடையிலேயே நையாண்டி செய்தார்கள். பல்கலைக்கழகப் பையன்கள் சிரிக்க வைத்தே சம்பாதிக்கலாம் என்பது அதன் பிறகுதான் நம்பத்தக்கதாயிற்று.

தொலைக்காட்சி இவர்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. 1966இல் தொடங்கிய ‘தி ஃபிராஸ்ட் ரிப்போர்ட்’ நிகழ்ச்சிக்கு பிரிட்டிஷார் ஐவருமே எழுதினார்கள். கிளீஸ் அதில் நடிக்கவும் செய்தார். 1967இல் கிளீஸும் சாப்மனும் ‘அட் லாஸ்ட் த 1948 ஷோ’ என்ற தொடரிலும், மற்ற மூவரும் ‘டூ நாட் அட்ஜஸ்ட் யுவர் செட்’ என்ற சிறுவர் நிகழ்ச்சியிலும் இருந்தார்கள். அந்தச் சிறுவர் நிகழ்ச்சிக்கு அசைபடம் செய்ய வந்து சேர்ந்தவர் கில்லியம். 1965இலேயே நியூயார்க்கில் ஒரு நகைச்சுவை இதழின் புகைப்படக் கதைக்குக் கிளீஸை நடிக்க வைத்தவர் அவர். இரு அணிகளையும் இணைத்து பிபிசியின் கதவைத் தட்ட உதவியவர் அதன் நகைச்சுவை ஆலோசகர் பாரி டுக். நகைச்சுவைப் பிரிவின் தலைவர் மைக்கேல் மில்ஸ் மாதிரிப் பகுதி எதுவும் கேட்காமலே 13 பகுதிகளுக்கு ஒப்புக்கொண்டார். ‘ஃப்ளையிங் சர்க்கஸ்’ என்ற பெயர் அலுவலகக் காகிதங்களில் ஏற்கெனவே ஏறிவிட்டிருந்தது. அதன் முன்னால் யாருடைய பெயரைப் போடுவது என்பதுதான் பாக்கி.

எழுதுவதற்கு நான்கு மேசைகள். முதல் மேசையில் கிளீஸும் சாப்மனும். காகிதமும் பேனாவும் கிளீஸிடம் இருக்கும். சாப்மன் பைப் புகைத்தபடி பெரும்பாலும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். எப்போதாவது ஒரு சொல் சொல்வார், அந்தச் சொல் காட்சியையே திசை திருப்பிவிடும். செத்த கிளி காட்சி பிறந்த விதம் இதற்குச் சான்று. காரில் என்ன பழுது என்று சொன்னாலும் ஏதாவது ஒரு சமாதானம் சொல்லி அனுப்பிவிடும் பணிமனைக்காரர் ஒருவரைப் பற்றிப் பேலின் சொல்லியிருந்தார். அதை வைத்து 1968இல் வேறொரு நிகழ்ச்சியில் கார் விற்பவர் காட்சி ஒன்று வந்தது. பைதானுக்காக அதையே திரும்ப எழுத உட்கார்ந்தபோது காரை எடுத்துவிட்டுக் கிளியை உள்ளே கொண்டுவந்தவர் சாப்மன். 1969 டிசம்பர் 7 அன்று ஒளிபரப்பான அக்காட்சியில், செத்த கிளியைத் திருப்பிக் கொடுக்க வந்தவராகக் கிளீஸும் அது சாகவில்லை என்று சாதிக்கும் கடைக்காரராகப் பேலினும் நடித்தார்கள். ஆறடி ஐந்தங்குல உயரமுள்ள ஆள் கூண்டும் கையுமாக நின்று, வழக்கறிஞர் வாதாடுவதுபோல் அடுக்கிக்கொண்டே போக, எதிரே நிற்பவர் முகத்தில் சிறு சஞ்சலமும் காட்டாமல் அடுத்த பொய்க்குத் தாவுகிறார். கோபத்தைக் கிளீஸைப் போல் நடித்தவர் குறைவு; கூச்சமற்ற பணிவைப் பேலினைப் போல் நடித்தவர் அதைவிடக் குறைவு.

இரண்டாவது மேசை பேலினுடையதும் ஜோன்ஸுடையதும். இவர்கள் தனித்தனியே எழுதி, பிறகு ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்துவார்கள். கிளீஸ்-சாப்மன் காட்சிகள் இரண்டு பேர் சண்டையிடும் அறைக்குள் நடக்கும். பேலின்-ஜோன்ஸ் காட்சிகள் வெளியிடத்தில், நீண்ட காட்சிப் பரப்பில் விரியும். எந்த உணவைக் கேட்டாலும் டின் இறைச்சி கலந்தே வரும் சிற்றுண்டிக்கடைக் காட்சி, 1970இல் வந்த ‘ஸ்பாம்’, இந்த மேசையில் உருவானது. போர்க்கால ரேஷன் நாள்களில் அந்த டின் இறைச்சியைத் தின்று சலித்த மக்களுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. பின்னாளில் வேண்டாத மின்னஞ்சலுக்கு ‘ஸ்பாம்’ என்ற பெயர் வந்தது இந்தக் காட்சியால்தான். குய்தோ வான் ரோசம் தன் கணினி நிரல்மொழிக்குப் பைதான் என்று பெயர் வைத்ததும் இக்குழுவை நினைத்தே.

மூன்றாவது மேசையில் ஐடில் தனியே எழுதினார். சொல்லோடு விளையாடுவதும் பாட்டுக் கட்டுவதும் அவருடைய வழி. கண்ணைச் சிமிட்டி, முழங்கையால் இடித்து, எல்லாவற்றுக்கும் இரட்டை அர்த்தம் வைத்துப் பேசும் மதுக்கடை ஆசாமி வேடத்தை அவரே எழுதி அவரே நடித்தார். கூட்டத்தில் ஆதரவுக்கு இன்னொரு குரல் இல்லாதது அவருக்குக் குறைதான். நான்காவது மேசை கில்லியமுடையது. விக்டோரியா காலப் புகைப்படங்களையும் பழைய ஓவியங்களையும் கத்தரித்து, வண்ணம் தெளித்து, இரவெல்லாம் விழித்து அசைபடம் செய்வார். அந்த அசைபடங்களில் மேலிருந்து இறங்கி எல்லாவற்றையும் நசுக்கும் பெரிய பாதம், லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள பிரான்சினோவின் ஓவியம் ஒன்றில் மன்மதனுடைய பாதம். நடிப்பில் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் இரும்புக் கவசத்துக்குள் வியர்த்து நிற்கும் வேடங்கள்.

எழுதியவற்றை ஆறு பேரும் கூடி உரக்க வாசிப்பார்கள். சிரிப்பு வந்தால் உள்ளே, வராவிட்டால் வெளியே. யாருக்கு எந்த வேடம் என்பது கடைசியில்தான் பேசப்படும். தனக்கென்று எழுதிக்கொள்ளும் ஆசை அதனால் பெரிதும் அடங்கியது. 1970இல் வந்த ‘விசித்திர நடை அமைச்சக’க் காட்சியில் கால்களை வீசி வீசி நடந்து உலகப் புகழ் பெற்றவர் கிளீஸ். ஆனால் யோசனை முதல் மேசையில் பிறந்தாலும் அதை எழுதிக் கொடுத்தவர்கள் பேலினும் ஜோன்ஸும். இந்த ஏற்பாடு சுமுகமாகவே ஓடியது என்று சொல்ல முடியாது. தர்க்கத்தைப் பிடித்துக்கொண்டு கிளீஸும், உணர்ச்சி வேகத்தோடு ஜோன்ஸும் மோதிக்கொண்டே இருந்தார்கள். அந்த மோதலில் தப்பிப் பிழைத்த காட்சிகளே திரைக்கு வந்தன, தொடரின் தரத்துக்கு இதுவே முதல் காரணம்.

வடிவத்தில் இவர்கள் செய்த பெரிய மாற்றம் முடிவைக் கைவிட்டது. ஸ்கெட்ச் என்றால் கடைசியில் கைதட்டல் வாங்கும் ஒரு வரி வேண்டும் என்பது எழுதாத சட்டம். நல்ல காட்சி பலவும் அந்த ஒரு வரிக்காகவே கெட்டுப்போனதைப் பார்த்தவர்கள் இவர்கள். 1969 தொடக்கத்தில் மில்லிகனின் ‘க்யூ5’ அந்தச் சட்டத்தை மீறிக் காட்டியது. கில்லியமின் அசைபடம் ஒன்றில் ஒரு காட்சியிலிருந்து இன்னொன்று கிளைத்துக்கொண்டே போவதைக் கண்ட ஜோன்ஸ், முழு நிகழ்ச்சியையும் அப்படிக் கட்டலாம் என்று பிடிவாதமாக நின்றார். ஆகவே பைதானில் ஒரு காட்சி அலுக்கத் தொடங்கும் இடத்தில் ராணுவ அதிகாரி ஒருவர் வந்து அபத்தம் என்று சொல்லி நிறுத்திவிடுவார், அல்லது மேலிருந்து பாதம் இறங்கும்.

பெண் வேடங்களில் பெரும்பாலானவற்றை ஆண்களே கீச்சுக்குரலில் நடித்தார்கள். அதில் ஜோன்ஸை மிஞ்ச ஆளில்லை. அழகிய இளம்பெண் தேவைப்பட்டபோது கேரல் கிளீவ்லாண்ட் அழைக்கப்பட்டார். பெரும்பாலான பகுதிகளில் நடித்த அவருக்கு எழுதும் மேசையில் இடம் கிடைக்கவில்லை, நல்ல வேடங்களும் குறைவு. இக்குழுவின் மறுக்க முடியாத பலவீனம் இது. கிளீஸின் அப்போதைய மனைவி கானி பூத் சில காட்சிகளில் வந்தார். பிறகு கிளீஸோடு சேர்ந்து ‘ஃபால்டி டவர்ஸ்’ தொடரின் 12 பகுதிகளையும் எழுதி, தன் எழுத்து வன்மையை அங்கே நிறுவினார்.

மூன்றாம் பருவத்துக்குப் பின் கிளீஸ் விலகினார். செய்ததையே செய்கிறோம் என்ற எண்ணம் ஒருபுறம், சாப்மனின் குடி மறுபுறம். நான்காம் பருவம் ஆறு பகுதிகளோடு நின்றது. அமெரிக்காவில் அந்த ஆறு பகுதிகளை ஏபிசி நிறுவனம் 90 நிமிட நிகழ்ச்சிகள் இரண்டாக ஒளிபரப்ப எடுத்தது. முதலாவதில் 24 நிமிடம் வெட்டப்பட்டிருந்தது. குழு வழக்குத் தொடுத்தது. படைப்பைச் சிதைத்து வெளியிடுவது படைப்பாளியின் உரிமையை மீறுவது என்று 1976இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் குழுவின் பக்கம் நின்றது. அதன் பலனாகத் தங்கள் நிகழ்ச்சிகளின் உரிமையும் இவர்கள் கைக்கு வந்தது. அந்த உரிமை முக்கியமானது; ஏனென்றால் பழைய நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்துவது அக்காலத் தொலைக்காட்சி வழக்கம். ‘1948 ஷோ’வின் பகுதிகள் பல அப்படித்தான் தொலைந்தன.

திரைப்படத்துக்கு ஆறு பேரும் மறுபடி கூடினார்கள். 1975இல் வந்த ‘மான்டி பைதான் அண்ட் த ஹோலி கிரெயில்’ படத்தை இரண்டு டெரிகளும் சேர்ந்து இயக்கினார்கள். பிங்க் ஃபிளாய்ட், லெட் செப்பலின் போன்ற இசைக்குழுவினர் பணம் போட்டார்கள். குதிரைகளுக்குக் காசில்லை, வீரர்கள் துள்ளி ஓட, பணியாட்கள் பின்னால் தேங்காய்ச் சிரட்டைகளைத் தட்டிக் குளம்பொலி எழுப்பினார்கள். ஆர்தர் மன்னராக நடித்த சாப்மன் படப்பிடிப்பில் மது கிடைக்காமல் நடுங்கினார். 1977 இறுதியில் அவர் குடியை அடியோடு விட்டார். மறு ஆண்டு துனீசியாவில் எடுத்த ‘லைஃப் ஆஃப் பிரையன்’ படத்தின் நாயகன் அவரே. படக்குழுவினருக்கு வைத்தியம் பார்த்தவரும் அவரே. பணம் தருவதாகச் சொன்ன நிறுவனம் கதையின் மதச் சர்ச்சைக்கு அஞ்சிப் பின்வாங்க, பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் தன் சொத்தை அடகு வைத்துப் படத்தைக் காப்பாற்றினார். 1983இல் வந்த ‘த மீனிங் ஆஃப் லைஃப்’ கேன் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்றது.

பிறகு ஆளுக்கொரு வழி. கில்லியம் ‘பிரேசில்’ உள்ளிட்ட படங்களை இயக்கினார். ஜோன்ஸ் இடைக்கால வரலாற்று ஆய்வில் இறங்கி, கவிஞர் சாசரின் வீரர் பாத்திரம் பற்றி 1980இல் நூல் எழுதினார். ஐடில் ‘ஹோலி கிரெயில்’ படத்தை ‘ஸ்பமலாட்’ என்ற இசை நாடகமாக்கினார்; அது 2005இல் டோனி விருது வென்றது. பேலின் பயணியானார். 80 நாளில் உலகைச் சுற்றும் பிபிசி தொடருக்காக பம்பாயிலிருந்து ரயிலில் சென்னை வந்து, இங்கிருந்து சிங்கப்பூருக்குச் சரக்குக் கப்பலில் சென்றார்.

சாப்மன் 1989 அக்டோபர் 4 அன்று புற்றுநோயால் இறந்தார். முதல் ஒளிபரப்பின் இருபதாம் ஆண்டு நிறைவுக்கு ஒரு நாள் இருந்தது. 2014 ஜூலையில் மற்ற ஐவரும் லண்டன் ஓ2 அரங்கில் பத்து நாள் மேடையேறினார்கள். ‘ஒருவர் போயாயிற்று, இன்னும் ஐவர்’ என்பது அந்நிகழ்ச்சிப் பெயரின் பொருள். சாப்மன் திரையில் தோன்றினார். ஒத்திகையில் ஜோன்ஸுக்கு வசனம் நினைவில் நிற்கவில்லை. மறு ஆண்டு அவருக்கு மறதி நோய் இருப்பது உறுதியானது; 2020 ஜனவரி 21 அன்று, 77ஆம் வயதில், அவரும் இறந்தார்.