கழுத்தில் இரண்டு விரல்

"கழுத்தில் ரெண்டு விரல் வை. 10 விநாடி எண்ணு." உடற்கல்வி ஆசிரியராக இருந்த 31 வருடத்தில் நான் அதிகம் சொன்னது இதைத்தான். 30 துடிப்பு வந்தால் நிமிடத்துக்கு 180. அது 20-க்கு இறங்கிய பிறகுதான் அடுத்த ஓட்டம். இறங்காத பிள்ளை வேப்பமர நிழலுக்குப் போய்விட வேண்டும்.

நான் படித்த பள்ளியில் இப்படி எண்ணச் சொல்ல ஆள் இல்லை. மூச்சு வாங்க விடாமல் ஓட வைப்பார் எங்கள் மாஸ்டர். ஒருநாள் என் பக்கத்தில் ஓடியவன் வாந்தியெடுத்து மண்ணில் சாய்ந்தான். "சோம்பேறி" என்றார். அந்தச் சொல்லை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

எண்ணும் முறை ஜெர்மனியிலிருந்து வந்தது. 1930களில் வோல்டெமார் கெர்ஷ்லர் என்ற ஓட்டப் பயிற்சியாளர், ஃப்ரைபுர்க் நகரத்து இதய மருத்துவர் ரைண்டலோடு சேர்ந்து அதை வகுத்தார். வேகமாக ஓடி நிற்கும்போது துடிப்பு 180 வரை ஏறலாம். ஒன்றரை நிமிடத்துக்குள் 120 அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லையென்றால் ஓட்டம் அதிகம், குறைத்துக்கொள். இதயம் பலப்படுவது ஓய்வில்தான் என்று இருவரும் நம்பினார்கள். இன்டர்வல் என்ற பெயரே அந்த இடைவேளையைக் குறிப்பதுதான். கெர்ஷ்லரிடம் பயின்ற ருடோல்ஃப் ஹார்பிக் 1939 ஜூலையில் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடினார். 1955 வரை அந்தச் சாதனையை யாராலும் முறியடிக்க முடியவில்லை.

இன்று எல்லா ஜிம்மிலும் ஒலிக்கும் 'டபாட்டா'வின் கதையும் இதே மாதிரிதான். 20 விநாடி முழுமூச்சு, 10 விநாடி ஓய்வு. வகுத்தவர் ஜப்பானியப் பனிச்சறுக்கு வேகப்பந்தயப் பயிற்சியாளர் இரிசாவா கோய்ச்சி. அதை ஆராய்ந்து 1996-இல் கட்டுரை வெளியிட்டவர் இசுமி டபாட்டா. சைக்கிள் எந்திரத்தை மிதித்தவர்கள் உடற்கல்வி படித்த இளைஞர்கள். மிதிவேகம் நிமிடத்துக்கு 85 சுற்றுக்குக் கீழே போனால் அன்றைய பயிற்சி அதோடு முடிந்தது.

இரண்டு முறைகளிலும் நிறுத்துவதற்கு ஓர் எண் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் ஓர் ஆளும் இருந்தார். ஜிம் வரைக்கும் வந்து சேர்ந்தது விநாடிக் கணக்கு மட்டும்தான். நாற்பது வயதில் முதல்முறை வருகிறவருக்கும் அதே மணி, அதே பாட்டு, அதே "இன்னும் ஒண்ணு!"

சேரும்போது பயிற்சியாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என்னை எப்போது நிறுத்தச் சொல்வீர்கள்?" அவரிடம் பதில் இல்லையென்றால் அங்கே பணம் கட்டாதீர்கள்.