கட்டு போய் ஊசி வந்த கதை

எங்கள் அப்பா காலத்துப் பென்னலூரில் வலிக்கான காரணம் கண்ணுக்குத் தெரியும். பனைமரத்திலிருந்து விழுந்திருப்பார்கள்; மாடு முட்டியிருக்கும்; கிணற்று வேலையில் கல் சரிந்திருக்கும். சுளுக்கை எண்ணெய் போட்டு வழித்துவிட, தெருவிலேயே ஒரு பாட்டி இருந்தாள். எலும்பு முறிந்தால் திருவள்ளூர் வழியாக ஆந்திரத்துப் புத்தூர். கேசவ ராஜு 1881-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் வைத்தியம் அது. பச்சிலை அரைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கருவில் நனைத்த துணியால் சுற்றுவார்கள். கட்டுப் பிரியும்வரை அந்த ஆளை யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள்.

1996-இல் ஹூண்டாய் கார் கம்பெனி எங்கள் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998-இல் சான்ட்ரோ சாலைக்கு வந்தது. பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள். அப்படி ஒன்றில் நானும் லைனில் நின்றேன். ஷிஃப்ட் முழுக்க ஒரே கை தூக்கல், ஒரே திருப்பல். தோள் வலித்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பில் ஒன்றுமில்லை என்றார்கள். கட்டுவதற்கு எதுவும் இல்லாத இந்த வலிக்குத்தான் அக்குபஞ்சர் போர்டுகள் எங்கள் பக்கம் முளைத்தன.

சீனத்து ஊசி இந்தியாவுக்கு வந்ததே ஒரு சுற்றுவழி. ஜப்பானோடு போரிட்டுக்கொண்டிருந்த சீனாவுக்குக் காங்கிரஸ் 1938-இல் 5 டாக்டர்களை அனுப்பியது. அவர்களில் கோட்னிஸ் 1942-இல் அங்கேயே இறந்தார். அதே குழுவில் போன பி.கே. பாசு பிறகு மறுபடியும் சீனா சென்று ஊசி முறையைக் கற்று, 1959-இல் கல்கத்தாவில் தொடங்கினார். மேற்கு வங்கம் அதற்குத் தனிச்சட்டம் போட்டது 1996-இல். எங்கள் ஊருக்குக் கார் கம்பெனி வந்த அதே வருஷம். 2003-இல் மத்திய அரசு இதை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றது.

நானும் ஊசி போட்டுக்கொண்டேன். தலைமுடி கனத்தில் இருக்கும், மருந்து கிடையாது, குத்திவிட்டு அரை மணி நேரம் படுக்க வைப்பார்கள். வலி குறைந்தது. ஊசியாலா, படுத்ததாலா? ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2007-இல் வெளியானது. முறையாகக் குத்தப்பட்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்குப் பலன். புள்ளி தவறி மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களிலும் 44.2 சதவீதம். மாத்திரை, உடற்பயிற்சி என்று வழக்கமான வைத்தியம் பார்த்தவர்களில் 27.4 மட்டுமே. ஆக, எந்தப் புள்ளியில் குத்தினார்கள் என்பது பெரிய வித்தியாசத்தைத் தரவில்லை.

என் கணக்கு வேறு. புத்தூர் கட்டு எலும்பைச் சேர்த்ததோ இல்லையோ, இவனுக்கு அடிபட்டிருக்கிறது என்று ஊருக்கே சாட்சி சொன்னது. ஊசி தடமே விடுவதில்லை. குத்திக்கொண்டவன் அன்றைக்கே நைட் ஷிஃப்டுக்குப் போகலாம், போனோம். ஓய்வுக்கு அத்தாட்சி கேட்கிற இடத்தில், தடம் விடாத வைத்தியம் கம்பெனிக்குத்தான் அதிகம் உதவுகிறது.